மாப்பிள்ளைக்கு, பின்னூட்டப் பெட்டி விஷயமாக

இராமநாதபுரம்,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாரிச்செல்வம் அவர்களுக்கு,

மாமனார் குருநாதன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் இருக்கிறபடி இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் ஜெயப்பிரியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அங்கே நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். இங்கே மேகம் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டதும் நீங்கள் "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்பீர்கள். நானும் "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் வலைப்பூ. நான் செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று பத்திரிகை ஆபீஸில் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். நீங்கள் ஒரு வலைப்பூ கொடுத்தீர்கள். கடிகாரம் நின்றுவிட்டது. வலைப்பூ இன்றுவரை ஓடுகிறது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோகும். போன மாதம் குலசாமி கோவில் கிடாவெட்டுக்கு வந்திருந்தபோது, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது: "மாமா, இத்தன எழுதியும் ஒரு கமெண்ட் கூட இல்லையே. கமெண்ட் வராத பிளாக் உசுரில்லாத பிளாக். ஆவணி கடைசி வரைக்கும் பாப்போம். வெளியாள் ஒருத்தராச்சும் ஒண்ணு போட்டா வச்சுக்கலாம். இல்லேன்னா மூடிரலாம், நீங்களும் நிம்மதியா ரெஸ்ட் எடுங்க." அப்போது என் வாயில் எலும்பு இருந்தது. அதனால் "ம்" என்றேன். அதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த "ம்"மை இந்தக் கடிதம் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பின்னூட்டமே வரவில்லை என்பது முழு உண்மை அல்ல. வந்தது, நிற்கவில்லை. முதலில் வந்தது ஒரு வெளியூர்க்காரருடையது: "மிக அருமையான தகவல், தொடர்ந்து எழுதுங்கள்." தொண்டி ரோட்டில் உப்பு லாரி கவிழ்ந்ததைப் பற்றிய கட்டுரை அது. நானும் மகிழ்ந்துபோய், தங்களுக்குப் பிடித்தது எந்தப் பத்தி, லாரி கவிழ்ந்த பத்தியா, உப்பு கரைந்த பத்தியா என்று விவரமாகக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. அவர் பெயரைத் தொட்டுப் பார்த்தபோது அது மூட்டுவலித் தைலத்தின் கடையில் போய் நின்றது. அதிலிருந்து என் போனில் எதைத் திறந்தாலும் தைலம். உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டு வாங்கியும் விட்டாள். இப்போது காலையில் தேய்த்துக்கொள்கிறாள், வலி பரவாயில்லையாம். ஆக அந்தப் பின்னூட்டத்தால் இந்த வீட்டில் ஒரு முழங்காலுக்குப் பயன் இருந்தது. பிறகு அது விளம்பரம் என்று கண்டுபிடித்து வலைப்பூக்காரர்களே நீக்கிவிட்டார்கள், அதோடு சேர்த்து என் பதிலையும்.

இரண்டாவது உங்கள் அத்தையுடையது. மத்தியானம் நான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தபோது கீழே இருந்து கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் காது கேட்கவில்லை. நீங்கள் போட்டுக்கொடுத்தபடி அவள் போனிலும் என் கணக்குதான் இருக்கிறது. நேரே வலைப்பூவைத் திறந்து, கட்டுரைக்கு அடியில், "நல்லா இருக்கு. சோறு ஆறுது, இறங்கி வாங்க" என்று போட்டுவிட்டாள். அது என் பெயரில் விழுந்தது. குருநாதன் எழுதிய கட்டுரையைக் குருநாதனே நன்றாக இருப்பதாகச் சொல்லி, குருநாதனையே சாப்பிடக் கூப்பிடுகிறார். மறுநாள் கூத்தையா டீக்கடைக்குள் நான் காலை வைக்கவும், உள்ளே இருந்து ஒரு குரல்: "சாப்டாச்சாண்ணே? இல்ல, இன்னும் இறங்கலையா?" அழித்துவிட்டேன்.

மூன்றாவது தங்கப்பாண்டி. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் வலைப்பூ வைத்துக் கவிதை எழுதுகிறார். வீடு தேடி வந்து, "நான் உங்களதுக்குப் போடுறேன், நீங்க என்னதுக்குப் போடுங்க, ரெண்டு பேரும் வளந்துருவோம்" என்றார். அன்று சாயங்காலமே என் கட்டுரைக்கு அடியில் "அபாரம் அய்யா" என்று போட்டார். அந்த மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று அவர் கவிதையைக் கவனமாக, இரண்டு தடவை, வாசித்தேன். பிறகு, "வேம்பு ஐப்பசியில் பூப்பதில்லை. சித்திரை என்று திருத்தவும். மற்றபடி சரி" என்று எழுதினேன். மாப்பிள்ளை, அதில் ஒரு சொல்லாவது தவறு என்று நீங்கள் சொல்லுங்கள். "மற்றபடி சரி" என்றுகூடப் போட்டிருக்கிறேன். அவர் என் பின்னூட்டத்தை நீக்கினார், எனக்குப் போட்ட "அபாரம் அய்யா"வையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அரண்மனை ரோட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறார். வேம்பு இன்னும் ஐப்பசியிலேயே பூத்துக்கொண்டிருக்கிறது.

இப்படியாக ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "கருத்துகள் இல்லை" என்று அதுவே எழுதிவைக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதி முடித்ததும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, மாப்பிள்ளை.

சரி, யாரும் படிக்கவில்லையா என்றால், படிக்கிறார்கள். அதுதான் இதில் உள்ள சிக்கல். கூத்தையா கடையில் என் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்கள். பாதியில் நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். கிழக்கே நின்ற ஆளை மேற்கே நிறுத்தியிருக்கிறேன் என்கிறார்கள், அந்த லாரி டிரைவர் இன்னாருக்குச் சம்பந்தி முறை, அதை ஏன் எழுதவில்லை என்கிறார்கள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். "இதையே அதுல எழுதிப் போடலாமேய்யா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கூத்தையா டம்ளரைக் கழுவியபடியே சொன்னான்:

"நல்லா இருக்குண்ணே நீங்க சொல்றது. ஆளு இங்கன உக்காந்திருக்கு. மூஞ்சிக்கு நேரா சொல்றத விட்டுட்டு எழுதிப் போடுறதுக்கு, நாங்க என்ன மொட்டக் கடுதாசியா எழுதுறோம்?"

"பேரப் போட்டு எழுதுங்கன்னுதான சொல்றேன்."

"பேரப் போட்டா இன்னும் கேவலம். தெரிஞ்ச மனுசனப் பத்தி ஊரு பாக்க எழுதிவச்சான்னு பேச்சு வராதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். செய்தியாளனாக இருந்த காலமெல்லாம் இந்த மாவட்டத்தில் எனக்கு எழுதி வந்தது மொட்டைக் கடிதம் மட்டும்தான். பாராட்டோ திட்டோ, பெயர் உள்ள மனிதர் நேரில்தான் வருவார், அதுவும் நாம் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து வருவார். வர முடியாதவர் ஆள் விடுவார். அக்காள்மடத்தில் கருவாடு காயப்போடுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தேன், உங்களுக்கு நினைவிருக்கலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் ராமேஸ்வரம் பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி என்னைப் பார்த்துக் கத்தினார்: "சார்! அக்காமடத்துல நாகலெட்சுமியக்கா சொல்லச் சொன்னாக! பக்கத்து வீட்டு ஆடு வரைக்கும் எழுதுனவுகளுக்கு அவுக வீட்டு ஆடு கண்ணுக்குத் தெரியலையான்னு கேட்டாக!" பஸ் நிறைய ஜனம் திரும்பிப் பார்த்தது. நான் அங்கே நின்றபடியே, அடுத்த தடவை சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது பின்னூட்டம் இல்லையா, மாப்பிள்ளை? பதிலும் உடனே போய்விட்டது. உங்கள் கணக்கில் மட்டும் ஏறவில்லை.

இன்னொன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். திருப்பாலைக்குடி காஜா நவாஸை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் பந்தியை மேற்பார்வை பார்த்தவர். சவுதியில் இருந்து திரும்பி இப்போது ஊரிலேயே ஐஸ் வியாபாரம். அவர் சின்னப்பையனாக இருந்தபோது, ஒரு புயலில் அவர்கள் ஊர் வள்ளம் ஒன்று திரும்பி வரவில்லை. அவருடைய அண்ணன் அதில் இருந்தார். ஊரே கரையில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்து எழுதிய செய்தி அது. பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன், பத்திரிகையில் நாலு வரி வந்தது. குறை சொல்லவில்லை, அன்று அவ்வளவுதான் இடம். ஆனால் மிச்சம் அத்தனையும் என்னிடமே தங்கிவிட்டது. இந்த ஆடியில்தான் அதை வலைப்பூவில் முழுதாக இறக்கிவைத்தேன். கருத்துகள் இல்லை.

பத்து நாள் கழித்துக் காஜா பஸ் ஏறி வந்தார். இரண்டு தடவை டீ குடித்தார். சீலா மீன் விலை, வீட்டுக்கு மேல்தளம் போடுவது, மனைவி காலிதாவின் சர்க்கரை, எல்லாம் பேசினார். கட்டுரையைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். தொண்டி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பஸ் நகரும்போது சொன்னார்:

"மச்சான், வாப்பா அன்னைக்கு நின்ன எடத்த சரியா எழுதியிருக்க. கரையோரம் அந்தப் பூவரச மரத்தடிதான். எனக்கே மறந்துபோச்சு."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே சற்று நேரம் நின்றேன். அந்த ராமேஸ்வரம் பஸ் கண்டக்டர் வந்து, "சார், பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று கேட்டார்.

இதை எந்தப் பெட்டியில் போடுவது, மாப்பிள்ளை?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பின்னூட்டம் வலைப்பூவுக்கு அவசியம் இல்லை, எழுதுகிறவனுக்கும் இல்லை. அந்தப் பெட்டி இருப்பதால்தான் அது காலியாகத் தெரிகிறது. பெட்டியை எடுத்துவிடுங்கள், வலைப்பூவை விட்டுவையுங்கள். இனி எனக்கு யாருடைய கருத்தும் தேவைப்படாது. உறுதியாகச் சொல்கிறேன்.

ஜெயப்பிரியாவுக்கு எங்கள் ஆசிகள். வெறும் வயிற்றில் காபி குடிக்க வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லச் சொன்னாள். குலசாமி உங்கள் இருவர் பக்கமும் இருக்கட்டும். உங்கள் மீட்டிங்குகள் சீக்கிரம் முடியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
மு. குருநாதன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிற நேரத்தில், வள்ளம் கட்டுரையை ஒரு தடவை திறந்து பார்த்தேன். அடியில் "1 கருத்து" என்று இருந்தது. தைலமாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். உள்ளது உள்ளபடி: "படிச்சேன் மச்சான். மிச்சம் நேர்ல. காஜா." உங்கள் கெடுவைப் பற்றி உங்கள் அத்தை காலிதாவிடம் போனில் புலம்பியிருக்கிறாள். காஜா சொல்லச் சொல்லக் காலிதா டைப் அடித்தாராம். ஊர் என்ன பேசினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாராம். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உங்கள் அத்தை, "நாலு வார்த்தைக்கு இம்புட்டு நேரமா? வாங்கன்னு பதில் போடுங்க" என்றாள். "வாங்க" என்று போட்டேன். இப்போது "2 கருத்துகள்" என்று காட்டுகிறது. அதில் ஒன்று என்னுடையது என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வலைப்பூவை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் மூடிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள்.