தகரத்துக்குப் பின்னால் ஒரு குழி

மதிப்பீட்டு அதிகாரி வந்து இறங்க இன்னும் கொஞ்ச நேரந்தான். சோமசேகரத்தின் பசளை முற்றத்தில் குப்பை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, பசளையைத்தான் காணோம்.

சந்தைக் குப்பையைப் பசளையாக்கும் நகரசபைத் திட்டம் அது. நின்று நிலைக்குமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து அபிகாயில் வருகிறார். நிலைக்காது என்று அவர் எழுதினால் முற்றத்தைப் பூட்டிவிட்டு, மேற்பார்வையாளர் சோமசேகரத்தை நெடுந்தீவுக்கு மாற்றிவிடுவார்கள். படகைக் கண்டாலே அந்த மனுசனுக்கு வயிற்றைப் புரட்டும்.

போன வருடம் பின்பக்கம் குழி வெட்டி, வாழைத்தண்டும் அழுகிய மரக்கறியும் போட்டுப் பார்த்தவர்தான். நாற்றம் ஊரைத் தூக்கியது. உது சரிவராது என்று சுற்றிவரத் தகரம் அடித்தவர், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மனைவியின் தம்பி சுதாகரனைப் பிடித்தார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவன். அவன் போடும் பசளையைப் பற்றிக் கதைக்காத தோட்டக்காரர் இல்லை. எங்கே எடுக்கிறான் என்று மட்டும் வாய் திறக்கமாட்டான். கேட்டதும் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

வந்து இறங்கிய அபிகாயில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். இவ்வளவு நல்ல பசளையைத் தான் எங்கும் காணவில்லை என்றார். சோமசேகரத்துக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் இங்கேயே செய்தது என்று அடித்துவிட்டார்.

"அப்ப செய்யிற குழியைக் காட்டுங்கோவன்."

குழி என்றதும் சுதாகரனுக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. லான்ட்மாஸ்டரோ இயங்க மறுத்தது.

குழிப்பக்கம் பாம்பு கிடக்கும் என்று சோமசேகரம் தடுத்தார். பாம்பென்றால் வேலையாட்களுக்கு ஆபத்து, கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்று அபிகாயில் முன்னால் நடந்தார். தகரத்தை விலத்தினால், குழி வெறுமை. மண்வெட்டி வழித்த அடையாளம் மட்டும் கிடந்தது. பின்வேலி பிரிந்து, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு.

போட்ட குப்பை எங்கே போனது? சோமசேகரத்தின் கண்ணுக்கு முன்னால் படகு ஆடியது. இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். அது எங்கடை பசளை இல்லை. என்ரை மச்சான் கொண்டுவந்தது."

அபிகாயில் சுதாகரன் பக்கம் திரும்பினார். அவன் பொட்டைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"குறை நினையாதேங்கோ அத்தான். இவ்வளவு காலமும் நான் இந்தக் குழிக்குள்ளை இருந்துதானே அள்ளினனான்."