எட்டு ஜோடிக்காரர்

கெட்ட சீட்டு வந்து தோற்பவரை விட்டுவிடுங்கள், பாவம். நல்ல சீட்டு வந்து ஜெயிப்பவரையும் விடுங்கள், அதில் பேச என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம்: சுமாரான சீட்டைச் சொந்தக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்பவர். போக்கர் ஆடும் எந்த மேசையிலும் இவர் உண்டு. கையில் இரண்டு ஏழோ, எட்டோ, ஒன்பதோ வந்தால் போதும், முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்து மேசை முழுவதும் புரிந்துகொள்ளும், அவரைத் தவிர.

எங்கள் லிஃப்ட் பட்டறையில் அது சீனியர் மெக்கானிக் அண்ணன். சாப்பாட்டு நேரத்தில் காசுக்குப் பதில் போல்ட் வாஷர்களைப் பந்தயம் வைத்து ஆடுவார்கள். வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது யாரிடம் வாஷர் குறைவோ, அவருக்குச் சனிக்கிழமை டியூட்டி.

தெரியாமல் ஆடினால் மன்னிக்கலாம். புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதே இவர்தான். "முதல்ல பந்தயம் பேசுறவன் கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறவன்டா. பின்னாடி இருக்கிறவன் எல்லாத்தையும் பாத்துட்டுப் பேசுவான். முதல் ஆளா இருந்தா சுமார் சீட்டைத் தூக்கிப் போட்டுடணும்." சொல்லி முடித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பீரமாக ரோட்டைத் தாண்டுவார். ஏன் என்று கேட்டால், எட்டு தடவைக்கு ஒரு தடவை, மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டில் மூன்றாவது எட்டு விழுமாம். விழுந்த அந்த ஒரு தடவையைத் தேதியோடு சொல்வார். மற்ற ஏழு?

போன வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். மறுநாள் அவர் மகளுக்கு நீச்சல் போட்டி. அண்ணனிடம் பதினாறு வாஷர். வெல்டரிடம் நாலே நாலு. சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடித்தால் போதும். முதலில் பேச வேண்டியவரும் அண்ணன்தான். முதுகு நிமிர்ந்தது.

"அண்ணே, வேணாம்," என்றார் வெல்டர். "நாளைக்கு நானே வந்து உக்காந்துக்கறேன். நீங்க கவுத்துடுங்க."

"தேடி வந்த சீட்டுடா."

"வழி தவறி வந்திருக்கும்ணே."

அண்ணன் ஆறு வாஷர் தள்ளினார். மற்றவர்கள் ஒதுங்க, ஸ்டோர்கீப்பர் அக்கா மட்டும் ஆறு வைத்தார். நடுவில் ராஜா, ராணி, நாலு விழுந்தன. எட்டைக் காணோம்.

"ராஜா உன்கிட்ட இல்ல," என்றார் அண்ணன்.

"பாருங்களேன்," என்றார் அக்கா.

மிச்சம் பத்தையும் தள்ளினார். அக்காவும் வைத்தார். அடுத்து விழுந்த இரண்டும் எதற்கும் உதவாதவை. அக்கா தன் கையிலிருந்த ராஜாவைக் காட்டினார்; நடுவில் கிடந்ததோடு சேர்த்து ராஜா ஜோடி. மணி அடித்தது.

வெட்கப்பட்டார் என்கிறீர்களா? இரண்டு எட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். "ஜோடி! இதை எவனாவது கீழ போடுவானா? நீயே சொல்லு!"

பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். "கண்ணு, அப்பாவுக்கு நாளைக்கு அவசர டியூட்டிம்மா. ஆள் இல்ல, வேற வழியே இல்ல."

ஸ்பீக்கரில் குழந்தை கேட்டது: "ஏழு ஜோடியாப்பா, எட்டு ஜோடியா?"

'எனக்கென்ன, சீட்டையே தொட்டதில்லை' என்று நீங்கள் சிரிக்கலாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ராஜா மட்டும் விழாமல் இருந்திருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பாரே என்று ஒரு நொடி தோன்றியதா? அப்படியென்றால் நீங்களும் அந்த மூன்றாவது இனம்தான்; நாளைக்கு உங்களை யார் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.