ஃபியூஸ் மாமாவின் கம்பிக்கோலம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் ஃபியூஸ் மாமா ஏறாத மின்கம்பம் ஒன்று இருக்கிறது என்றால், அது இன்னும் நடப்படவில்லை என்று அர்த்தம். லைன்மேன் உத்தியோகம். தரையில் நின்றதைவிடக் கம்பத்தில் தொங்கியதுதான் அதிகம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஆபீசில் மாலை போட்டு, பழத்தட்டு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அரியலூரில் எங்கள் தெருவில் நடந்தவை இவை:

1. முதல் மாதம் தூங்கினார். அந்தக் குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கவில்லை.

2. மொட்டை மாடியில் காடை வளர்த்தார். கூண்டின் கதவை அவரே வடிவமைத்ததால், காடைகள் அன்றைக்கே வெளியே வந்துவிட்டன. தேடப் போனவர் பழக்கதோஷத்தில் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். காடைகள் கீழே அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

3. யூடியூபைப் பார்த்து கேக் செய்தார். வெந்துவிட்டதா என்று பார்க்க டெஸ்டரைக் குத்தினார். "லைட் எரியல, வெந்துடுச்சு" என்றார். வெட்டுவதற்குக் கட்டிங் பிளேயர் தேவைப்பட்டது.

4. நடைப்பயிற்சிக்காரர்களோடு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனார். எல்லோரும் படியில் ஏற, இவர் மதிலில் ஏறினார். காவலாளி விசில் ஊதி மதிலிலிருந்து இறக்கினார். மற்றவர்கள் குழுவிலிருந்து இறக்கினார்கள்.

5. அவர் மனைவி சரோஜா அத்தைக்குப் பெரம்பலூரில் முட்டி ஆபரேஷன் ஆனது. கொஞ்ச காலம் குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா கோலமாவு டப்பாவைக் கையில் எடுத்தார்.

முதல் நான்கும் சில்லறை. ஐந்தாவதுதான் சங்கதி.

ஃபியூஸ் மாமா என்ற பேர் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி, "ஃபியூஸப் பாத்தீங்களா?" ஒருமுறை என் அம்மா தலைவலி என்று சொன்னதற்கும் அதையேதான் கேட்டார்.

கோலம் போட்ட முதல் நாள், தலையில் பழைய மஞ்சள் ஹெல்மெட், கையில் ரப்பர் கையுறை சகிதம் வாசலில் இறங்கினார். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் ஒரு சிவப்புத் துணியையும் தொங்கவிட்டார். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மாமா, கேபிள் எரிஞ்சு போச்சா?"

"கோலம்யா. அந்தப் பக்கமா சுத்திப் போ."

வரிசையாக ஏழு புள்ளி வைத்தார். மேலே நான்கு கோடு இழுத்தார். அத்தை உள்ளேயிருந்து நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, செந்துறைக்குப் போற லைனா?"

"மூணு ஃபேஸு, ஒரு நியூட்ரல். பாத்தா தெரியல?"

"எல்லா வூட்டு வாசல்லயும் லட்சுமி வருவா. நம்ம வூட்டுக்குக் கரண்டுதான் வரும். புள்ளியச் சுத்தி வளைச்சு இழுங்க. கம்பிக்கோலம் பாத்ததே இல்லயா?"

மாமா நிமிர்ந்தார். ஹெல்மெட் பின்னால் சரிந்தது.

"என்னா கோலம்?"

"கம்பிக்கோலம்."

"கம்பியா? கோலத்துல கம்பியா? இத்தன வருஷமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"இத்தன வருஷமா தெனமும்தான் போட்டேன். நீங்க எங்க கீழ பாத்தீங்க? வாசப்படி எறங்கும்போதே மேல கம்பத்தப் பாத்துட்டுத்தான் எறங்குவீங்க."

அன்றிலிருந்து மாமா மேலே பார்ப்பதை விட்டுவிட்டார். புள்ளி என்பது கம்பம். கோடு என்பது கம்பி. கம்பி கம்பத்தைச் சுற்றிப் போகலாம், தொட்டால் ஷார்ட். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால்தான் சப்ளை. இவ்வளவுதான் கோல சாஸ்திரம் என்று பால்காரருக்கு விளக்கினார். கோடு எங்காவது புள்ளியில் உரசிவிட்டால், "ட்ரிப் ஆயிருச்சு!" என்று தெருமுனை வரை கேட்கும்படி ஒரு சத்தம். விரல் இடுக்கில் மாவு சீராக விழவில்லை என்று தக்காளி சாஸ் பாட்டிலுக்கு மாறினார். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஏழு புள்ளி பதினைந்தானது. பதினைந்து இருபத்தொன்றானது. கோலம் வாசலைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி, எதிரே இருக்கும் எங்கள் வீட்டு கேட் வரை வந்தது. பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழப்பழுவூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் காரை மாமா தெருமுனையிலேயே மறித்துவிட்டார்.

"அரை மணி நேரம் ஆவும் சார். லைன் போயிட்டிருக்கு."

"நல்ல நேரம் முடியப்போவுதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"லைன்ல ஆள் இருக்கையில சப்ளை குடுக்கலாமா? எங்க சர்வீஸ்ல எல்.சி.ன்னு ஒண்ணு இருக்கு சார். லைன் கிளியர். சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவன் லைனை ஆஃப் பண்ணி, 'ஏறிக்க'ன்னு அவன் வாயால சொன்னாத்தான் நான் கம்பத்துல காலே வெப்பேன். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் எல்.சி. வாங்காம ஒரு கம்பம் ஏறுனதில்ல. அதான் முழுசா உங்க முன்னால நிக்கிறேன்."

அவர்கள் இறங்கி நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், அது எத்தனை புள்ளி என்று கேட்டார். காபி குடிக்கும்போதும் கோலத்தைப் பற்றியே பேசினார். மறுநாள் தகவல் வந்தது. கோலம் ரொம்பப் பிடித்திருக்கிறது. பெண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறார்களாம்.

மார்கழி பிறந்ததும் மாமாவின் புகழ் கடைத்தெரு வரைக்கும் போனது. வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகச் சுற்றிப் போனார்கள். பள்ளிக்கூட வேன் நின்று போனது. மாமா சாஸ் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போஸ் கொடுத்தார். மூன்று கோணத்தில் படம் எடுக்கவேண்டும், நிழல் விழக்கூடாது என்று நிபந்தனைகள் வேறு.

இதற்குள் அத்தையின் முட்டி தேறிவிட்டது. தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து கோலம் போடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அத்தை கையை நீட்டினார்.

"டப்பாவக் குடுங்க."

"நீ ரெஸ்ட் எடு சரோஜா. நான் பாத்துக்கறேன்."

மறுநாளும் கேட்டார். அதே பதில். மூன்றாவது முறை அத்தை கேட்கவில்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டார். சாப்பாடு மேஜையில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மாமாவுக்கு அது உறைக்கவே இல்லை. "வூடு அமைதியா இருக்கும்மா. மாவு நல்லா விழுது" என்று என் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா காபி கொடுத்தார். அத்தை குடிக்கவில்லை.

"எத்தன வருஷமா நான் போட்டேன். ஒருத்தர் நின்னு பாத்திருப்பாங்களா? அவரு சாஸ் பாட்டில்ல போட்டா வேன் நிக்குது."

"விடுங்க அண்ணி. ஆம்பள கோலம் போட்டா அதிசயம்தான்."

"பேரு வாங்கட்டும், எனக்கென்ன. அது இல்லம்மா. வூட்டுக்குள்ள எல்லா எடத்துலயும் யாராச்சும் ஒருத்தர் என்னக் கூப்புடுவாங்க. அந்த வாசல்ல உக்காந்திருக்கிற நேரம் மட்டும் யாரும் கூப்புட மாட்டாங்க. கோலம் முடியட்டும்னு விட்டுடுவாங்க. அத எடுத்துக்கிட்டாரு."

நான் பக்கத்து அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது.

மறுநாள் விடிகாலையில் நான் வேலைக்குப் போகப் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. அத்தையின் கையெழுத்து: "ஆள் வேலை செய்கிறார். உள்ளே வராதே." அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து, ஏழு புள்ளி வைத்து, மெதுவாகக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். மாமா ஹெல்மெட்டும் பாட்டிலுமாக வெளியே வந்தார். அட்டையைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு போர்டைத் தாண்டிக் காலெடுத்து வைத்தவர் இல்லை அவர். வாசப்படியிலேயே நின்றுவிட்டார்.

"சரோஜா, என்னா இது?"

அத்தை நிமிரவில்லை. பல நாள் கழித்து வந்த முதல் பேச்சு இதுதான்:

"இந்த வாசல்ல ஏறுறதுக்கு முன்னாடி யாருகிட்ட எல்.சி. வாங்குனீங்க?"

மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வாங்கல."

"அப்ப எறங்குங்க."

மாமா உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் சில நாட்கள் தெரு அகலமாக இருந்தது. பைக்குகள் நேராகப் போயின. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மறுபடியும் மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் வம்புக்கு இழுத்துப் பார்த்தார். "ஃபியூஸப் பாருங்க மாமா" என்று கிண்டல் செய்தார். மாமா நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எங்களுக்கெல்லாம் அது என்னவோபோல் இருந்தது. ஒரு சாயங்காலம் அத்தையே அவர் மடியில் சாஸ் பாட்டிலைப் போட்டார்.

"இப்படி உக்காராதீங்க, பாக்கச் சகிக்கல. எதுத்த வூட்டு டீச்சரம்மா விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸப் புடிச்சு ஸ்கூலுக்குப் போவுது. வாசல்ல வெறும் ஸ்டிக்கர் கோலந்தான் ஒட்டியிருக்கு. போயி முறையாக் கேளுங்க."

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க வாசல் சும்மா கெடக்குதும்மா. எனக்குக் குடுப்பீங்களா?"

"இதுக்கா இவ்ளோ தயங்குறீங்க? எடுத்துக்குங்கண்ணே" என்றார் என் அம்மா. ஸ்டிக்கரை அவரே உட்கார்ந்து உரித்துக் கொடுத்தார்.

இன்றைய நிலவரம்: எதிர்வீட்டு வாசல் அத்தையுடையது. எங்கள் வாசல் மாமாவுடையது. அவர் போட்டு முடித்ததும் அத்தை தெருவைத் தாண்டி வந்து பார்ப்பார். "அந்த மூலை கோணல்" என்பார். "அது வளைவு" என்பார் மாமா. அந்தச் சண்டை ஓய்வதற்குள் என் பஸ் பழைய பஸ்டாண்டைத் தாண்டியிருக்கும். நான் வெளியே போக மதிலோரமாக ஒரு சாண் இடம் விட்டுவைக்கிறார். பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சுவரை உரசி, நுனிக்காலில் நடந்து போகிறேன். இதுவரை என் காலில் ஒரு கோடும் அழிந்ததில்லை.