சடையப்பனின் மைக்ராஸ்கோப்

கல்வித் தந்தை என்றொரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். பெற்ற பிள்ளைகளுக்கு வெறும் அப்பா; பெறாத பிள்ளைகளுக்கெல்லாம் தந்தை. பட்டம் கொடுத்தது யார்? அவரேதான்.

ஆரணிச் சடையப்பன் இந்த ரகத்தில் அசல். பட்டுச்சேலை வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர், தேவிகாபுரம் ரோட்டில் ஒரு காலேஜைக் கட்டி, வாசலில் ஆர்ச் வைத்து, ஆர்ச் முழுக்கத் தன் பெயரை வைத்து, மிச்ச இடத்தில் காலேஜ் பெயரை வைத்து, இரண்டாயிரத்து ஆறில் ஒரு நல்ல நாள் பார்த்து, அதை உலகத்தர ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக்குவது என்று முடிவு செய்தார். உலகத்தரம் என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு அங்கே வேலை கிடைக்காது.

முதலில் ஒரு மைக்ராஸ்கோப் வந்து இறங்கியது. ஜெர்மனிச் சரக்கு. தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்து, லென்ஸுக்கும் ஒரு பொட்டு வைத்து, கண்ணாடி பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

கெமிஸ்ட்ரி விரிவுரையாளர் டயானா வேலூரில் கிடைத்த வேலையை வேண்டாமென்று வந்ததே இந்த மைக்ராஸ்கோப்பை நம்பித்தான். பட்டுநூலில் சாயம் ஏன் வெளுக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அப்படியொரு ஆசை.

"ஐயா, சாவி குடுத்தீங்கன்னா..."

"இன்னாம்மா அவசரம்? யூனிவர்சிட்டி அந்தஸ்து குடுக்கற டில்லி கமிட்டி வந்துகினே இருக்குது. பாக்கறப்போ புதுசா இருக்க வேணாமா?"

"அதுல வேலை செஞ்சாத்தானே ஐயா ஆராய்ச்சி?"

"பண்ணும்மா, யாரு வேணான்னா? பொருளத் தொடாம பண்ணு."

நியாயந்தானே? முகூர்த்தப் புடவையைக் கடையிலேயே கட்டி நடந்து பார்க்க எவளையாவது விட்டிருக்கிறாரா அவர்?

இதற்குள் யாரோ அவர் காதில் போட்டார்கள்: வாத்தியார்கள் ஆராய்ச்சிப் பத்திரிகையில் பேப்பர் போட்டால்தான் கமிட்டி மதிக்குமாம். அன்றிலிருந்து எதிர்ப்பட்டவரையெல்லாம் மடக்கினார். "பேப்பர் போட்டாச்சா?" மெஸ் மாஸ்டரையும் விடவில்லை. அந்த மனுஷன் பயந்துபோய்ச் சாப்பாட்டு மேசைகள் மேலெல்லாம் பேப்பர் போட்டுவைத்தார்.

டயானாவுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, நான் பேப்பர் போட்டுட்டேன்."

வேலையை விடுவதற்கும் அப்படித்தான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கொண்டுவந்த பேச்சு. பட்டுக்கடை வரைக்கும் அது இன்னும் வந்துசேரவில்லை. சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீதாம்மா என் மானத்தக் காப்பாத்தினே."

பிரின்சிபால் ஜெயச்சந்திரனுக்கு விஷயம் தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பேனர் ஏறியது: 'உலகத்தரப் பேப்பர் போட்ட டயானாவை வாழ்த்துகிறோம்.' டயானா தபால்தலை அளவு, கல்வித் தந்தை ஆளுயரம். அதற்கு அடியிலேயே பெட்டியோடு நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அவள் வேலூர் பஸ் ஏறினாள்.

கமிட்டி வந்தது. மைக்ராஸ்கோப்பைப் பார்த்தது.

"இதில் யார் வேலை செய்கிறார்கள்?"

சடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தர் கை பட்டதில்லீங்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன தீபாவளிக்கு வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாயிற்றா? அதன்மேல் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? நீங்கள் சிரிக்கும்போது சரசரவென்று கேட்கிறதே.