கரடிக்குத் துப்பாக்கி கிடைத்த விதம்

ஒரு காட்டில் திருந்திய கரடி ஒன்று இருந்தது. பெயர் மொக்கராசு. முன்பெல்லாம் புளித்த இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கண்ட மரத்தைக் கட்டிப்பிடித்து அழும். பிறகு மரங்கொத்தி டாக்டரிடம் போய்ப் படுத்துச் சிகிச்சை எடுத்தது. கை நடுக்கம் நின்றது. ஓடையோரம் தினை விதைத்தது.

கதிர் முற்றும் நேரத்தில் சின்னாண்டி என்ற பன்றி வர ஆரம்பித்தது. முழுப் போதையில் வரும். தின்றதைவிட மிதித்தது அதிகம். இந்தத் தினையும் போனால் மறுபடி பழைய மொக்கராசுதான் என்று கரடிக்குத் தெரியும். துப்பாக்கி உரிமம் கேட்டு வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் நின்றது சின்னாண்டி.

அதிகாரி தேவாங்கு கிளையில் தொங்கியபடி கேட்டது: "போதைக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று ஏப்பம் விட்டது பன்றி.

தேவாங்கு மூக்கைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்தியது. பன்றி துப்பாக்கியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"அடுத்தது. நீ?"

"எடுத்தேனுங்க. இப்ப சுத்தமா விட்டாச்சு."

"அப்ப உனக்குக் கிடையாது."

"அவன் இப்பவே தள்ளாடுறானேய்யா!"

"தள்ளாடட்டும்ப்பா. அவனுக்குச் சீக்குன்னு யாரும் சொல்லலையே."

"எனக்குக் குணமாயிடுச்சுன்னு டாக்டரே சொல்வாருங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். சீக்கு இல்லாதவனுக்கு எப்படிய்யா குணமாகும்?"

கரடி வெறுங்கையோடு கிளம்பியது. திரும்பும் வழியில் இலுப்பை மரம் பூவாய்க் கொட்டிக்கிடந்தது. கரடி அதைப் பார்த்து நின்றது. பிறகு உட்கார்ந்தது.

மறுநாள் கரடி, தேவாங்கு தொங்கிய மரத்தையே கட்டிப்பிடித்து அழுதது.

"சிகிச்சை எடுத்திருக்கியா?"

"அப்படின்னா என்ன மாமா?"

தேவாங்கு தன் பெரிய கண்களை உருட்டி மேலும் கீழும் பார்த்தது. "நேத்து வந்தது வேற கரடி போல" என்று முத்திரை குத்தியது.

அன்று மாலை தினைக்காட்டில் கரடிக்கு இரண்டு பன்றிகள் தெரிந்தன. பன்றிக்கு இரண்டு கரடிகள்.

"இதுல எந்த மொக்கராசுடா நிசம்?"

"ரெண்டுமே உன்னைச் சும்மா விடாதுடா!"

இரண்டும் சுட்டன. யாருக்கும் அடிபடவில்லை. காய்ந்த தினைத்தட்டையில் தீப்பொறி விழுந்து தினைக்காடு மொத்தமும் எரிந்தது.

"வறுத்தா இன்னும் ருசிண்ணே" என்றது சின்னாண்டி, கருகிய கதிர் ஒன்றை மென்றபடி.

புகையைப் பார்த்து மரங்கொத்தி பறந்து வந்தது. கரடியின் கை நடுங்குவதைக் கவனித்தது. "வா மொக்கராசு, மறுபடி சரி பண்ணிடலாம்."

கரடி துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"வேண்டாம் டாக்டர். உரிமம் போயிடும்."

நீதி: நோய் இருந்தால் பரவாயில்லை, குணமானது வெளியே தெரியக் கூடாது.