அனுமதிக்குக் காத்திருந்த பட்டாம்பூச்சிகள்

அலுவலகப் பொருள் எதையும் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது என்பது விதி. அந்தப் பொருள் வழியில் சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை. விதியை எழுதியவர் பட்டாம்பூச்சிகளோடு பெண் பார்க்கப் போயிருக்க மாட்டார். நான் போனேன்.

ஐம்பதுகளின் கடைசியில், இலுப்பூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். விதிப் புத்தகத்தை வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தவன். (எது அதிகம் கசங்கியிருந்தது என்று கேட்காதீர்கள்.)

எங்கள் விவசாய அதிகாரிக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். கடலைக் காட்டுக்குப் பூச்சி மருந்துத் தூளை ஊர் ஊராகக் கொடுத்தவரும் அவர்தான். தூள் போன ஊரிலெல்லாம் பட்டாம்பூச்சி போய்விட்டதே என்று மாலையில் புலம்பியவரும் அவர்தான். அலுவலக வேலியில் படர்ந்த ஆடுதின்னாப்பாளைக் கொடியில் மட்டும் கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக ஒரு வகை மிச்சமிருந்தது. அதன் புழுவுக்கு அந்தக் கொடிதான் சாப்பாடு. அந்த வேலியையும் வெட்டி மாதிரித் தோட்டம் போடும்படி உத்தரவு வந்தது. மனிதர் கூட்டுப்புழுக்களைக் குச்சியோடு ஒடித்து ஓர் ஓலைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“ஞாயித்துக்கெழமை ஆவூருக்குப் பொண்ணு பாக்கப் போறேல்ல? அங்க மாதா கோயில் தோட்டத்துல இந்தக் கொடி நெறையக் கெடக்கு. சாமியார் மருந்துத் தூள உள்ள விடமாட்டாரு. இதக் கொண்டுபோயி அவருகிட்டக் குடுத்துரு. இதுகளும் போயிட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல இனமே இருக்காதுப்பா.”

“வளாகத்துல எடுத்த பொருள் சார். அனுமதி வாங்கணும்.”

“புழுவுக்காய்யா?”

“கூட்டுப்புழு சார்” என்று திருத்தினேன்.

அப்போது எங்களுக்கு ஜில்லாத் தலைமை திருச்சி. எழுதினேன். பதில் வரவில்லை என்று பெண் பார்ப்பதையே ஒரு வாரம் தள்ளிவைத்தேன். ‘மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று அத்தை ஆவூருக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமும் பதில் இல்லை. அதிகாரி கத்தினார்: “ஒன் அனுமதி வர்றதுக்குள்ள அதுக வெளிய வந்துரும்ய்யா! கெளம்பு!”

கிளம்பினேன். வெறும் கையோடு இல்லை; பெட்டியை வாங்குகிறவர் கையெழுத்துப் போட, பெறுகைச் சீட்டு மூன்று படிகள் தயார் செய்துகொண்டு.

பஸ்ஸில் பலகாரப் பெட்டி அத்தை மடியில், ஓலைப்பெட்டி என் மடியில். உள்ளே ஏதோ சரசரத்தது. சாலையின் தரம் அப்படி என்று நினைத்தேன். கூட்டை விட்டு வெளியே வரும் பட்டாம்பூச்சி முதல் வேலையாகச் சிவப்பாக ஒரு சாற்றைக் கழிக்கும் என்பதும், ஓலைப்பெட்டி ஒழுகும் என்பதும், என் வேட்டி புதிது, வெள்ளை என்பதும் ஆவூரில் இறங்கியபின் ஒன்றாகத் தெரியவந்தன.

பெண்ணின் அப்பா பள்ளி ஆசிரியர். என் வேட்டியைத் திருத்த வேண்டிய விடைத்தாள்போலப் பார்த்தார்.

“காய்ச்சல்னு சொல்லி விட்டீங்க. இது ரத்தமால்ல இருக்கு?”

“ஆரோக்கிய மாதா மேல சத்தியமா எங்க புள்ளைக்கு ஒரு நோயும் கெடையாதுங்க!” என்றார் அத்தை. “வெத்தலைச் சாறுங்க அது.”

“மடியிலயா வெத்தலை போடுவாரு?”

பெண்ணின் அம்மா நல்லவர். பேச்சை மாற்ற, மாப்பிள்ளை வீட்டுப் பலகாரப் பெட்டியை வாங்குவதற்குக் கை நீட்டினார். பலகாரம் அத்தையிடம் இருந்தது. கை நீண்டதோ என் பெட்டியை நோக்கி. நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“கையெழுத்துப் போடாம வாங்கக் கூடாதுங்கம்மா.”

பலகாரத்துக்குக் கையெழுத்துக் கேட்ட மாப்பிள்ளையை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் இழுத்தார், நான் இழுத்தேன், மூடி கழன்றது.

கூடம் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகச் சிறகுகள். ஒன்று ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது. ஒன்று சுவரில் அமர, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி தலையை நீட்டியது. வாசலில் கோழிகள் கழுத்தை நிமிர்த்தின. ஒரு வட்டாரத்தின் மிச்ச வம்சம், என் கண்ணெதிரே பல்லிக்கும் கோழிக்கும் விருந்தாகப் போகிறது. நானோ மூன்று படிகளையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

காப்பியோடு உள்ளேயிருந்து வந்த பெண், செசிலி, தட்டைக் கீழே வைத்துவிட்டு அதட்டினாள். “அப்பா, வாசக் கதவ அடைங்க, கோழி நிக்கிது! அம்மா, அந்தப் பல்லிய வெரட்டுங்க! கொல்லக் கதவத் தொறங்க. அங்கிட்டுத்தான கோயில் தோட்டம்!”

ஆசிரியர் துண்டை வீசி வீசி, வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புகிறவர்போல அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு ஓட்டினார். எல்லாம் மதில் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. கடைசியாகப் போனது, அவருடைய கண்ணாடியில் உட்கார்ந்திருந்த ஒன்று.

செசிலி மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்தாள். “எங்கிட்டுங்க கையெழுத்துப் போடணும்?”

மூன்று படிகளிலும் போட்டாள். அரசுப் பொருள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. நானும்தான்.

இன்றும் ஆவூர் மதிலோரம் அந்தச் சிறகுகள் பறக்கின்றன. அதிகாரி ஓய்வு பெறும்வரை வருடம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் காப்பியோ கைக்குழந்தையோ எது கை மாறினாலும், “கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க” என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் செசிலிதான் தொடங்கி வைப்பாள்.

திருச்சியிலிருந்து பதிலும் வந்தது. கூட்டுப்புழுக்களைக் கொண்டு செல்ல அனுமதி உண்டு. வழியில் அவை பறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எழுத்தரின் பொறுப்பு. கிடைத்த தேதியை உறையின்மேல் முறைப்படி நானே குறித்தேன். அன்று எங்கள் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம்.