அம்மா வைத்த கேள்வி

“அம்மா எந்தக் கம்பெனியில வேலை பார்த்தாங்கப்பா?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனிடம் பதில் இல்லை என்று உறுதியானதும் மகளைப் பார்த்தார்.

“கம்பெனி,” என்றார்.

“கம்பெனின்னா? பேரு?”

அதற்குமேல் அவரிடம் சரக்கு இல்லை. மகள் சத்தம் போட வாயெடுத்தாள். தனக்கும் அந்தப் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா காலையில் “கம்பெனிக்குக் கிளம்பறேன்” என்பாள். தெருமுனையில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் அதே முனையில் இறக்கிவிடும். கம்பெனியில் யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை என்று ராத்திரி முழுக்கச் சொல்வாள். பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை.

“அக்காவோட பென்ஷன் வீட்டுக்காரருக்கு வருமே, கேட்டீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கிளப்பிவிட்ட விஷயம் இது. பென்ஷன் வந்தால் வாடகை கட்டிக்கொண்டு அப்பா இந்த வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மாப்பிள்ளை இருந்தார். தங்கமான மனிதர். தூங்கும் நேரம் தவிரப் பேசிக்கொண்டே இருப்பார். ஹாலில் போட மடக்குக் கட்டில்கூட வாங்கிவைத்துவிட்டார்.

“மாமா வந்துட்டா எனக்குப் பேச்சுத்துணைக்குப் பேச்சுத்துணையாச்சு!” என்று அவர் போனில் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தடயம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு. அதைக் கிழித்து அடுப்படி துடைக்க வைத்திருந்தாள். வெளுத்துப்போய் இன்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை.

“இது நீலமா பச்சையாப்பா? தினமும் பார்த்திருப்பீங்களே.”

அப்பா துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“நீலம்.”

நீலக் கோட்டு சோப்புக் கம்பெனியில் போடுவார்கள். அங்கே போனார்கள். மேனேஜர் இளகிய மனசுக்காரர். துக்கம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“பேக்கிங் செக்‌ஷனா சார்?”

அப்பா தலையாட்டினார்.

“ரொம்ப வருஷமா?”

தலையாட்டினார்.

“அதானே, அவங்க முகம் ஞாபகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. பழைய ரெகார்டெல்லாம் தண்ணியில போச்சு சார். நானே புதுசா ஏத்திவிட்டுடறேன். பகல் ஷிஃப்ட்டுன்னு போட்டுக்கட்டுமா?”

பேசுவதைவிடத் தலையாட்டுவது சுருக்கம் என்பதால், அப்பா அதற்கும் ஆட்டினார்.

மறுநாள் பென்ஷன் ஆபீசில், கவுன்ட்டரில் இருந்த பெண் அம்மாவின் பெயரைத் தட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“மேடம், உங்கம்மா மருந்துக் கம்பெனியில பாட்டில் நிரப்பற செக்‌ஷன்ல இருந்திருக்காங்க.”

“சோப்புக் கம்பெனி இல்லையா?”

“சோப்புலயும் இருந்திருக்காங்க. அதே வருஷம், அதே பகல் ஷிஃப்ட்டு. நேத்துதான் ஏறியிருக்கு. மருந்துக் கம்பெனின்னா பச்சைக் கோட்டாச்சே?”

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“பச்சை,” என்றார் அப்பா.

“ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தா மோசடின்னு ஃபைல் தானா முடங்கிடும் மேடம்.”

“சோப்பை எடுத்துடுங்க.”

“ஏத்தறது அவங்க. எடுக்கணும்னா கோர்ட்டுக்குப் போகணும். சார் வீட்டுக்காரர்தானே? அவங்க பிறந்த தேதி சொல்லுங்க, வேற வழி இருக்கான்னு பார்க்கறேன்.”

மகள் முந்திக்கொள்வதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“மழைக்காலம்.”

கவுன்ட்டர் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சார் நிஜமாவே வீட்டுக்காரர்தானா?”

“வாயைத் திறந்து சொல்லுங்கப்பா!”

அப்பா தலையாட்டினார்.

“ஒரே ஒரு வழி இருக்கு,” என்றாள் அவள். “சேரும்போது எல்லாரும் ரகசியக் கேள்வி ஒண்ணு வெச்சிருப்பாங்க. கேள்வியும் அவங்களுது, பதிலும் அவங்களுது. சார் சரியா சொல்லிட்டா ஃபைல் திறந்துடும். மூணு வாய்ப்பு. எனக்குக் கேள்விதான் தெரியும், பதில் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும்.”

கேள்வியைத் திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஆபீஸ் குரலில் படித்தாள்.

“‘புதுத்துணி உடுத்திக்கிட்டு எப்படி இருக்குன்னு கேட்டா என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்?’”

“நல்லா இருக்குன்னு சொல்லுங்கப்பா,” என்று மகள் அவர் விலாவில் இடித்தாள்.

“நல்லா இருக்கு,” என்றார் அப்பா.

திரை சிவப்பாயிற்று.

“அம்மா நல்லதையா எழுதியிருப்பாங்க!” என்று மகள் தலையிலடித்துக்கொண்டாள். “என்ன விலைன்னு கேட்டிருப்பீங்க. சொல்லுங்க.”

“என்ன விலை?”

சிவப்பு.

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குக் கால்வலி மறந்துபோயிற்று. “இப்ப எதுக்குப் புதுசுன்னு சொல்லிப் பாருங்க பெரியவரே, எங்க வீட்ல அதான்,” என்றார் ஒருவர். “எங்க வீட்ல அதைச் சொன்னவர் ஒரு வாரம் வெளியில சாப்பிட்டார்,” என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க!” என்றாள் மகள். அவளுக்குக் குரல் உடைந்தது. “அப்பா, இதான் கடைசி. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கல. அம்மா அப்படி வந்து முன்னாடி நிப்பாங்களே, அப்ப உங்க மனசுல என்ன இருந்ததோ அதையே சொல்லுங்க.”

அப்பா நிமிர்ந்தார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் அந்தப் பக்கம் எதையோ பார்த்தார். ஏதோ ஒன்று தொண்டைவரைக்கும் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது.

“சார்?”

கண் மட்டும் நிறைந்தது.

“சார், நேரம் முடியுது. கட்டத்தைக் காலியா விட முடியாது. பதில் இல்லைன்னா மூணு புள்ளி வெச்சு மூடணும், அதான் ரூல். மூடிட்டா அப்புறம் கோர்ட்டுதான்.”

அப்பா மறுபடி உதட்டைப் பிரித்தார். முகம் கோணியது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு அந்த மடக்குக் கட்டிலை யாரோ ஹாலில் விரித்துப் போடும் சத்தம் காதில் கேட்டது.

கவுன்ட்டர் பெண் பெருமூச்சு விட்டாள். புள்ளி, புள்ளி, புள்ளி என்று தட்டினாள்.

திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“திறந்துடுச்சு சார்,” என்றாள். “அம்மாவும் மூணு புள்ளிதான் வெச்சிருக்காங்க.”